பங்காருபேட்டை மாத்திரை

ஒரு மாத்திரைகூட விழுங்காத மனிதருக்கு ரத்தப் புற்றுநோய் எப்படித் தானாக இறங்கிப் போகும்? கோலார் தங்க வயலில் எங்கள் ஊரிகம் பகுதி முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. தசரதன் மூடவில்லை. அவருக்கு மூடவும் வராது.

தசரதனுக்கு அறுபத்திரண்டு வயது. சுரங்கம் ஓடிய காலத்தில், ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கேஜுக்கு மணி அடிப்பது அவர் வேலை. ஒரு மணி அடித்தால் ஓடுகிற கேஜ் நிற்கும். இரண்டு அடித்தால் இறங்கும். சுரங்கத்தை மூடியதும் ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் பெங்களூர் ரயிலைப் பிடித்தார். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பகல் காவல். இருபது வருடமாகக் காலை ரயிலில் மூன்றாவது பெட்டி. அவர் வராத நாளில் அந்தப் பெட்டி உப்பில்லாத உப்புமா மாதிரி இருக்கும் என்பார்கள். அவர் வந்தால் அந்த உப்புமாவையும் பிடுங்கித் தின்றுவிடுவார் என்பது வேறு விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், தசரதனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டாயிரம் இருந்தன. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார்.

"இது ஒருவகை ரத்தப் புற்றுநோய். ஆனா ரொம்ப மெதுவா நடக்கிற வகை. இப்ப உங்களுக்கு மருந்து வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, ரத்தம் பார்க்கலாம். தேவைப்பட்டா அப்புறம் மருந்து."

வீட்டில் வந்து சொன்னபோது அவர் மனைவி சரோஜம்மா நம்பவில்லை.

"நோவு கீதாம், ஆனா மருந்து இல்லியாம். இன்னா டாக்டருயா அது? நம்ம ராபர்ட்சன்பேட்டைல சளின்னு போனாலே மூணு கலர்ல மாத்திரை குடுக்குறான்!"

"சும்மா கீறதுதாண்டி வைத்தியம். எனக்குன்னே கண்டுபுடிச்சிருக்காங்க."

சரோஜம்மா சும்மா இருக்கவில்லை. பப்பாளி இலையை அரைத்துச் சாறு பிழிந்து, தினமும் விடியலில் ஒரு டம்ளர் கையில் திணித்தாள். தசரதன் ஒரே ஒரு நாள் குடித்தார். மறுநாள் முதல், பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் அந்தச் செடி கூரையைத் தொட்டது. வரிசை வீடுகளில் எல்லோருடைய சாம்பாரிலும் அந்த இலைதான் மணந்தது.

வெளியே வேடிக்கை. ஆனால் முகம் மழிக்கும்போது விரல் தானாகக் கழுத்துக்குப் போகும். அங்கே புளியங்கொட்டை போல நெறி கட்டியிருந்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று. வெள்ளை அணு நாற்பத்தோராயிரமானது, பிறகு அறுபத்து நாலாயிரமானது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ரயிலில் மட்டும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வருவார்.

அதற்கடுத்த முறை எண்ணிக்கை ஐம்பத்திரண்டாயிரம். எந்திரக் கோளாறாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்து முப்பத்து மூவாயிரம். அதற்கும் அடுத்து ஒன்பதாயிரம். டாக்டரம்மா வேறு யாருடைய ரத்தமோ மாறிவிட்டதென்று சந்தேகப்பட்டு மறுபடி எடுத்தார். அதே ஒன்பதாயிரம். கழுத்தை அமுக்கிப் பார்த்தார். புளியங்கொட்டைகளைக் காணோம்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து? லேகியம்?"

"பப்பாளி எலச் சாறு குடுத்தாங்க மேடம்."

"குடிச்சீங்களா?"

தசரதன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சரோஜம்மா வெளியே இருந்தாள். "செடி குடிச்சிது மேடம்."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இந்த வகையில ரொம்ப அபூர்வமா இப்படித் தானாவே குறையறது உண்டு. படிச்சிருக்கேன். பார்க்கிறது இதுதான் முதல் தடவை. ஏன் குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. நானும் ஒண்ணும் செய்யல, நீங்களும் ஒண்ணும் செய்யல. திரும்பி வந்தாலும் வரலாம். அதனால வர்றதை விட்டுடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

மறுநாள் காலை மூன்றாவது பெட்டி கல்யாண வீடாகிவிட்டது. ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம், சரக்கு எடுக்க வாரத்துக்கு ஒரு நாள் பெங்களூர் போகிறவர், அன்றைக்கென்று பார்த்து வண்டியில் இருந்தார். எலக்ட்ரீஷியன் மரியகுழந்தையும் இருந்தார். அடுத்த வரிசையில் ராதிகா.

ராதிகாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்து நாலு வயது. தசரதன் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஒயிட்ஃபீல்டில் கார்மென்ட்ஸ் வேலை. அவளுக்கும் ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் வகை வேறு. நாலு வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதை விழுங்க வேண்டும். வழியில் பங்காருபேட்டை ஜங்ஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும்போது எல்லோரும் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். மூடும்போது பெட்டியில் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "ராதிகா, மாத்திரை!" முதலில் தசரதன்தான் ஆரம்பித்து வைத்தார். பிறகு அது பெட்டிக்கே வழக்கமாகிவிட்டது. அவள் மறந்தாலும் பெட்டி மறக்காது.

மரியகுழந்தை தசரதனைப் பிடித்துக்கொண்டார். "தசரதண்ணே, மெய்யாலுமே சொல்லுங்க. மருந்து இல்லாம எப்டி எறங்கும்? இன்னா துன்னீங்க?"

"தெரியாதுப்பா. டாக்டருக்கே தெரியாதாம்."

"யோவ், எங்ககிட்டயே மறைக்கிறியா?" என்றார் சிவப்பிரகாசம். "பங்காளிங்களுக்குச் சொல்லு."

தெரியாது என்ற பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. சொன்னவருக்கும் பிடிக்கவில்லை. வண்டிக்கு வெளியே சைனைட் மலை நகர்ந்துகொண்டிருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு சைனைட் கலந்த மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த வெளுத்த குன்று. அதில் சரியாகப் புல்கூட முளைக்காது. காற்றடித்தால் ஊரெல்லாம் தூசு. தசரதன் விரலை நீட்டினார்.

"சரி, சொல்லிப்புடறேன். அதோ, அதான்."

"சைனைட் மலையா?"

"பின்ன? எலிக்கு வெசம் வெச்சா எலி சாவுதா இல்லியா? என் ரத்தத்துல அறுபத்து நாலாயிரம் வெள்ள எலி. தினமும் காத்தால மல மேல நின்னு நல்லா மூச்சு இழுத்தேன். எல்லாம் பூடுச்சு. வெசத்துக்கு வெசம்."

பெட்டி குலுங்கிச் சிரித்தது. சிவப்பிரகாசம் கைபேசியில் பதிவு செய்திருந்தார். சிரிப்பு வரும் முன்பே பதிவை நிறுத்திவிட்டார் என்பதுதான் வினை.

வெளியூரில் யாராவது இதைக் கேட்டிருந்தால் வேடிக்கை என்று விட்டிருப்பார்கள். கோலார் தங்க வயல்காரன் விடமாட்டான். பிறந்தது முதல் அந்த மலைத் தூசைத் தின்று இருமுகிறவன். இத்தனை வருடம் நம்மைக் கெடுத்தது ஒரு நாளாவது நல்லது செய்யாதா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கும் போல. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. மறுவாரம் கோலார் டவுனிலிருந்துகூட இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். பாட்டிலில் மலை மண் கொண்டுவந்து, "எத்தன சிட்டிகை ஐயா?" என்று கேட்டார்கள்.

தசரதன் "தமாசுக்குச் சொன்னேன்பா" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது பிடித்திருந்தது. இருபது வருடமாக நின்றுகொண்டு போனவருக்கு ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஏறியதும் ஒருவர் எழுந்து, "ஒக்காருங்கண்ணே" என்பார். ஆஸ்பத்திரிக்கே தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கிற மனிதர் அல்லவா? காற்று முகத்தில் அடிக்க, அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனார்.

இப்படி ஒன்றரை மாதம் ஓடியது. நடுவில் பத்து நாள் ரோஜா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். ரோஜா அவர் மகள், வேலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. திரும்பி வந்த திங்கள்கிழமை, பங்காருபேட்டையில் டப்பாக்கள் மூடின. வண்டி கிளம்பியது. ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. எது என்று யோசித்து, பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

"ராதிகா, மாத்திரை!"

மரியகுழந்தை ஜன்னல் பக்கம் பார்த்தார். ராதிகா காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் தசரதன் அவள் செருப்பைப் பார்த்தார். விளிம்பெல்லாம் வெளுத்த தூசு ஒட்டியிருந்தது. அந்த நிறம் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு.

"இன்னாம்மா இது?"

"மாத்திரைய வுட்டு அஞ்சு வாரம் ஆச்சு மாமா, நீங்க ஊருக்குப் போற வரைக்கும் துன்ற மாதிரி காட்டினேன், அப்புறம்தான் இவங்ககிட்ட சொன்னேன்," என்றாள், ஏதோ நல்ல செய்தி போல. "தினமும் காத்தால வூட்டுக்காரரும் நானும் மலைக்குப் போறோம். வாந்தி இல்ல, கால் இழுக்கல, கண்ணு வீங்கல. நாலு வருசத்துல இப்பதான் மனுசியா கீறேன்."

தசரதனுக்கு ஜன்னல் காற்று திடீரென்று குளிர்ந்தது.

"யம்மா, அது தமாசுமா. நான் மலை மேல ஏறினதே இல்ல. மலைக்குக் கீழ டீக்கடைக்குதான் போவேன்."

"அப்ப எப்டி எறங்கிச்சு?"

"தெரியாது."

"பாத்தீங்களா?" என்றாள். "தெரியாதுன்றது ஒரு பதிலா மாமா?"

"என் நோவு வேற, உன் நோவு வேற. என் ஷாஃப்ட்டுல அடிக்கிற மணியக் கேட்டுகினு உன் கேஜை எறக்காத. எனக்கு மருந்து வேணாம்னு டாக்டர் சொன்னாங்க. உனக்கு வேணும்னு சொல்லிக்கீறாங்க."

"மணிக் கதையெல்லாம் வேணாம். நீங்க மட்டும் சும்மா பொழைச்சுக்குவீங்க, நாங்க சாவற வரைக்கும் மாத்திரை துன்னுகினே கெடக்கணும். அதானே?"

அந்த வார்த்தை அவரைக் குத்திவிட்டது. அன்று முழுக்கக் குடியிருப்பு வாசலில் நின்றவர், வந்த கார் எது, போன கார் எது என்று பார்க்கவில்லை. சாயங்காலம் சிவப்பிரகாசத்தின் கடைக்கே போனார்.

"அது பொய்யின்னு குரூப்புல ஒண்ணு போடுயா."

சிவப்பிரகாசம் அப்போதே போட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் மறுப்பை யார் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள்? அது கடை வாசலைக்கூடத் தாண்டவில்லை. பொய் மட்டும் டிக்கெட் இல்லாமல் இன்னும் பயணம் செய்துகொண்டிருந்தது. ராதிகாவின் கணவன் பிரதாப்பிடம் போனார். அவன், "பெரியவரே, ரகசியம் வெளிய போனா பலிக்காதுன்னு மறைக்கிறீங்க. புரியுது," என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை தசரதன் ரயிலேறினார். ஜன்னலோரத்தில் இருந்தவர் எழுந்தார். தசரதன் உட்காரவில்லை. நடைபாதையில் நின்றார். பங்காருபேட்டை வந்தது, டப்பாக்கள் திறந்தன, மூடின. வண்டி நகரத் தொடங்கியதும் அவர் தன் எவர்சில்வர் டப்பாவைத் தூக்கி, கரண்டியால் ஒரே ஓர் அடி அடித்தார்.

ணங்.

அந்தப் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். ஒரு மணி என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டாடியவர்களின் கை அப்படியே நின்றது.

"ஒரு சமாச்சாரம்," என்றார். "நான் சைனைட் மலை ஏறல. ஒரு நாளும் ஏறல. வாய்க்கொழுப்புல சொன்னேன். நீங்க எடம் குடுத்தீங்கன்னு அப்டியே வுட்டுட்டேன். எனக்கு ஏன் கொறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தெரியாது. நாளைக்கே திரும்பி வந்தாலும் வரும். இதான் நெசம்."

"அப்ப அந்தப் பப்பாளிச் சாறு?" பின்னாலிருந்து ஒரு குரல். "சரோஜம்மாக்கா எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறாங்களே?"

தசரதன் கண்ணை மூடிக்கொண்டார். "அதுவும் குடிக்கல. கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்."

மரியகுழந்தை, "ஐயோ, அந்தக் கறிவேப்பிலையவா நாங்க துன்னோம்!" என்று அலற, பெட்டியே வெடித்துச் சிரித்தது. தசரதன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நின்றதை அந்தப் பெட்டி இருபது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

அவர் ராதிகா பக்கம் திரும்பினார். "என்ன நம்பாதம்மா. நான் பொய்யன்னு இப்ப ஊருக்கே தெரியும். ரத்தத்த நம்பு. இன்னிக்கு டூட்டிக்குப் போவாத, நானும் போவல. உங்க ஆஸ்பத்திரில ரத்தம் குடுப்போம். எண்ணிக்கை ஏறலன்னா, நான் வாயே தெறக்க மாட்டேன். தினமும் மலைக்கு உனக்கு டீ தூக்கிகினு வரேன். ஏறியிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. ராதிகா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் மாமா. நான் போவல. பயமா இருந்துச்சு."

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயந்தான். ரெண்டு பேருமா பயப்படுவோம், வா."

போனார்கள். கடைசியாக எடுத்தபோது ஏழாயிரமாக இருந்த வெள்ளை அணு, இப்போது நாற்பத்தாறாயிரம். தாளை வாங்கிய ராதிகா அதை அப்படியே தசரதன் கையில் கொடுத்தாள். அங்கிருந்த டாக்டர் இருவரையும் சேர்த்தே திட்டினார். இருவரும் அப்பா மகளா என்றுகூட அவர் கேட்கவில்லை. பிறகு நல்லபடியாகவும் பேசினார். வாந்தியும் கால் இழுப்பும் இருந்தால் சொல்ல வேண்டும், அதற்கு வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். நாலு வருடமாக அதை அவள் எந்த டாக்டரிடமும் சொல்லாமலே தாங்கியிருக்கிறாள் என்பது தசரதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். தசரதன் மெதுவாக, சுற்றி யாருக்கும் கேட்காதபடி, "ராதிகா, மாத்திரை," என்றார்.

அவள் விழுங்கினாள்.

பெட்டியில் சொன்னதெல்லாம் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சரோஜம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டே, "அந்தச் செடிக்கும் ஒருவாட்டி ரத்தம் பாருங்க, நல்லா கீதான்னு," என்றாள். அத்துடன் சமாதானம்.

மூன்று மாதத்தில் ராதிகாவின் எண்ணிக்கை எட்டாயிரத்துக்கு இறங்கியது. இப்போது மாத்திரையுடன் வாந்திக்கும் ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கால் இன்னும் சில நாள் இழுக்கிறது. ஜன்னலோர இடம் அவளுடையது. தசரதன் பழையபடி நின்றுகொண்டு வருகிறார், நிற்பவனுக்குத்தான் நாலு பேர் டப்பாவும் எட்டும் என்கிறார். அவருடைய எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறார். போகிற நாளில் பெட்டியே திருப்பிக் குரல் கொடுக்கிறது: "மாமா, ரிப்போர்ட்டு!"

அந்த மலைப் பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை. போன மாதம் வேலூரில் ரோஜாவின் கைபேசிக்கே வந்திருக்கிறது, அப்பாவின் குரல் என்று தெரியாத யாரோ அனுப்பியது. அதனால்தான் இதை எழுதச் சொன்னார் தசரதன். தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் சைனைட் மலையோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கோ ஒருவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கும் போய்ச் சேரும்படி, கதையைப் பங்காருபேட்டை மாத்திரை வரைக்கும் சொல்லுங்கள்.